ஒரு சொட்டுக் கலப்படம்

எண்ணெய் விஷயத்தில் விரல்காரர் சொன்னால் சொன்னதுதான். கடைத்தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆட்காட்டி விரலை டின்னுக்குள் விட்டு எடுப்பார். கட்டைவிரலோடு சேர்த்து ஒரு தேய்ப்பு. பிறகு இரண்டு விரலையும் மெல்ல விலக்கி, நடுவில் இழை எவ்வளவு நீளம் அறுபடாமல் நிற்கிறது என்று பார்ப்பார். மூக்கருகே ஒருமுறை கொண்டுபோவார். நாக்கில் வைத்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்பது அவர் கட்சி. "எள்ளுதான். ஆனா போன வருஷத்துது. கூட வேற எதையோ கலந்திருக்கே" என்பார். கொண்டுவந்தவன் முகம் செத்துப்போய் டின்னைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து வெகுகாலம் ஆயிற்று.

அந்த விரல் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. தப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருமுறையாவது தப்பிப் பழகாத மனிதனோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்வதைப் போலக் கஷ்டம் வேறில்லை. வேண்டுமானால் சின்னவளைக் கேட்டுப் பாருங்கள்.

சின்னவள் என்பது விரல்காரருடைய தம்பி பெண்டாட்டி. அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை, வேலை இருந்தது. முன்பக்கம் எண்ணெய் ஆலை, பின்பக்கம் வீடு, நடுவில் சிமெண்டு போட்ட முற்றம். காலையில் முதல் வேலையாகக் காலி டின்களைச் சுடுதண்ணீரிலும் சலவைச் சோடாவிலும் கழுவிக் கவிழ்ப்பாள். காய்ந்ததும் புனல் வைத்து நிரப்பி, மூடி, வழிந்ததைத் துடைத்து அடுக்க வேண்டும். நடுவில் புண்ணாக்கு மூட்டைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், ஆட்களுக்குத் தேநீர் போட வேண்டும், புருஷனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். எந்நேரமும் கையில் எண்ணெய்ப் பசை இருக்கும். கதவுத் தாழ்ப்பாள்கூட அவள் பிடித்தால் வழுக்கும்.

புருஷன் பின்னறையில் படுத்திருந்தான். ஒரு காலத்தில் ஆலையின் சலிப்புக் கொட்டகை அவன் பொறுப்பில் இருந்தது. எள்ளும் கடலையும் சலிக்கிற இடம். உமியும் தூசும் புகை மாதிரி நிற்கும். அதற்குள் நின்று நின்று நெஞ்சு தூர்ந்துபோய்விட்டது. வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொள் என்று அண்ணன் சொல்லியிருந்தால் கட்டியிருப்பான். அண்ணன் சொல்லவில்லை, அவனும் கட்டவில்லை. இப்போது மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றை வடித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. அது நின்றால் அவனும் நிற்பான் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஆத்திர அவசரத்துக்கு ஒரு குட்டி சிலிண்டர் உண்டு. சின்னவள் அடம்பிடித்து வாங்கி வைத்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அந்த ஊர் மலைச்சரிவில் இருந்தது. குளிர்காலம் வந்தால் ஈரக்காற்று வீசும். காற்று வீசினால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறுந்து மின்சாரம் போகும். போனால் எப்போது வரும் என்று மின்சாரக்காரனுக்கே தெரியாது. அதனால்தான் ஜெனரேட்டர் வாங்கினார்கள். கயிறு இழுத்துக் கிளப்புகிற சின்ன ஜெனரேட்டர். ஒரு ஆள் தூக்கி வைத்துவிடலாம்.

கடைக்காரரே அதை வண்டியில் ஏற்றி வந்து முற்றத்துக் கொட்டகையில் இறக்கினார். கூடவே ஒரு எண்ணெய் பாட்டில்.

"சார், இதுல பெட்ரோல் தனி, ஆயில் தனி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடக் கூடாது. என்ன ஆயில்னு மூடியிலயே பொறிச்சிருக்கு, பத்து முப்பது. இந்த ஊர்க் குளிருக்கு இதுதான் சரி. வேற எதையும் ஊத்திடாதீங்க."

"எண்ணெயைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?" என்று விரல்காரர் சிரித்தார். சுற்றி நின்ற ஆலை ஆட்களும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் கூடச் சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

பாட்டிலைத் திறந்தார். விரலை விட்டார். தேய்த்தார், விலக்கினார். முகம் மாறியது.

"என்னய்யா இது? இழையே நிக்கலை?"

"அது அப்படித்தாங்க இருக்கணும். மெல்லிசாத்தான் இருக்கும்."

"இழை நிக்காததுக்குப் பேரு எண்ணெய் இல்ல, கழுவின தண்ணி. கம்பெனிக்காரன் உங்க தலையில கட்டிட்டான். நீங்க அதை என் தலையில கட்டப் பாக்குறீங்க."

"சார், நீங்க விக்கிறது சமையல் எண்ணெய். இது வேற சமாச்சாரம்."

"எண்ணெய்ல என்னய்யா வேற சமாச்சாரம்? ஒட்டணும், வழுக்கணும், நிக்கணும். அடுப்புல ஊத்தினாலும் அச்சுல ஊத்தினாலும் எண்ணெய்க்குக் குணம் ஒண்ணுதான். நான் பொறந்ததுலேர்ந்து இதுலயே ஊறினவன்."

கடைக்காரர் அதோடு விட்டுவிட்டார். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன ஆகப்போகிறது? தேநீர் கொண்டுவந்த சின்னவளிடம் டம்ளரை வாங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா, நீங்களாவது பாத்துக்கோங்க. அடியில இந்த போல்ட்டைக் கழட்டினா பழசு வடிஞ்சிடும். மேல இந்த மூடி வழியா புதுசு. அவ்வளவுதான் வேலை."

அவர் போனதும் விரல்காரர் அந்த பாட்டிலை ஆலையின் இரும்புக் கதவுக் கீல்களுக்கு ஊற்றித் தீர்த்தார். பாவம், கீல்களுக்கு நல்ல காலம். அன்றிலிருந்து கதவு சத்தமில்லாமல் திறந்தது.

பிறகு தெருக்கோடி லாரிப் பட்டறைக்கு அவரே நடந்துபோய், லாரியின் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஒரு டின் வாங்கிவந்தார். முற்றத்து நடுவில் நின்று விரலை விட்டு எடுத்துக் கையை உயர்த்தினார். எண்ணெய் விரல் நுனியிலிருந்து முழங்கை நீளத்துக்கு அறுபடாமல் இறங்கியது.

"பாருங்கடா. இதுதான் எண்ணெய். தேன் தோத்துடும்."

ஆட்கள் ஆகா என்றார்கள். அவர் அதை ஜெனரேட்டருக்குள் ஊற்றக் குனிந்தார். சின்னவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், மூடியில ஏதோ நம்பர் போட்டிருக்குன்னு கடைக்காரர் சொன்னாரே..."

"பத்து முப்பதுன்னா என்னம்மா?"

"தெரியலை அத்தான்."

"பத்துன்னா என்ன, முப்பதுன்னா என்ன? லிட்டரா? ரூபாயா? வயசா?"

ஆட்கள் சிரித்தார்கள். பின்னறை ஜன்னலிலிருந்து அவள் புருஷனும் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி அடங்கின பிறகு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: "அண்ணன் விரலுக்கு மேலயா... மூடி பேசப்போகுது? போய்... வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

முதல் தடவை மின்சாரம் போனது நல்ல வெயில் அடித்த ஒரு மதியம். விரல்காரரே கயிற்றை இழுத்தார். இரண்டு இழுப்பில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை, கொஞ்சம் முனகல். ஆனால் ஓடியது. மூச்சு மெஷின் நிற்கவில்லை. மின்சாரம் திரும்பும் வரைக்கும் விரல்காரர் கொட்டகையைவிட்டு நகராமல், போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி, மூடி பொய் சொல்லிடுச்சா?" என்று ஓரகத்தி, அதாவது விரல்காரருடைய மனைவி, அடுப்படியில் வைத்துக் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. புருஷன் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சொல்லித் தனக்கென்று பேச்சு இல்லாமல் போனவள்.

"பொய்யாவே போகட்டும் அக்கா. அது ஓடினா சரி" என்றாள் சின்னவள். மனதாரத்தான் சொன்னாள். அவள் தோற்றுப்போய், அவனுக்கு மூச்சு ஓடினால் அதைவிட என்ன வேண்டும்? தோற்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

பிறகு குளிர் இறங்கியது. விடிந்ததும் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலித்தது. டின்களில் எண்ணெயே உறைகிற மாதிரி மங்கிப்போய்க் கிடந்தது. அடுப்பருகே வைத்து இளக்கித்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் சின்னவளுக்குச் சுருக்கென்றது. தின்கிற எண்ணெயே இந்தக் குளிரில் இப்படி நின்றுபோனால், தேனைத் தோற்கடிக்கிற அந்த எண்ணெய் என்ன ஆகியிருக்கும்?

கொட்டகைக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். சேற்றில் புதைந்த வாளியை இழுக்கிற மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் வரவே இல்லை. மூடியைத் திருகி, அதோடு ஒட்டியிருந்த அளவுக்குச்சியைத் தூக்கினாள். எண்ணெய் சொட்டவில்லை. குச்சியைச் சுற்றிக் கட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

கடைகளுக்கு டின் போட வண்டியோடு போனபோது ஜெனரேட்டர் கடையில் ஏறினாள். விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கியர் ஆயிலா? அம்மா, உங்க வீட்டுல ஒரு உசுரு அந்த மெஷினை நம்பிக் கிடக்குன்னு சொன்னீங்களே! இன்னைக்கே மாத்திடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

புது பாட்டில் ஒன்றை வாங்கி, காலி டின்களுக்கு அடியில் ஒளித்து, திருடியைப் போல வீட்டுக்குள் கொண்டுவந்தாள்.

மதியம் விரல்காரர் சாப்பிட்டுக் கண்ணயரப் போனார். ஆட்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு ஆலைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு தட்டை அடியில் வைத்து, ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றினாள். எண்ணெய் வரமாட்டேன் என்றது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து இன்ஜினைச் சுற்றிக் கட்டி, கெஞ்சாத குறையாக இளக்கினாள். பாகு மாதிரி ஒழுக ஆரம்பித்தது. கடைசிவரை வடியவிட்டு, போல்ட்டை முடுக்கி, புது பாட்டிலைத் திறந்தாள். பாதி ஊற்றியிருப்பாள்.

"என்ன பண்றே?"

ஜன்னலில் அவன் முகம்.

"எண்ணெய் மாத்துறேங்க. சத்தம் போடாதீங்க, இதோ முடிஞ்சிடுச்சு."

"அண்ணன்... சொன்னாரா?"

"அத்தான்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். குளிர்ல அது கட்டியா நிக்குதுங்க. கயிறே வரமாட்டேங்குது. நாளைக்குக் கரண்டு போச்சுன்னா என்ன பண்றது?"

"அண்ணனுக்குத் தெரியாமயா?"

"உங்களுக்காகத்தாங்க. உங்க மூச்சுக்காகத்தான். கொஞ்சம் கண்ணை மூடிப் படுங்களேன்."

நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாதவன் அவன். கஞ்சி வேண்டும் என்பதைக் கையால்தான் காட்டுவான். பெண்டாட்டியிடம் அன்பாக ஒரு பேச்சுப் பேச அவனுக்கு மூச்சு இருந்ததே இல்லை. அவன் இப்போது மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டிக் கத்தினான்:

"அண்ணே! அண்ணே, இங்க வந்து பாரு! இவ கலக்குறா!"

தெருமுழுக்கக் கேட்டது.

விரல்காரர் அடிக்கிற ஆள் இல்லை. அடித்தால் ஆறிவிடும் என்று தெரிந்தவர். நிதானமாக வந்தார். தட்டில் கிடந்த எண்ணெயைப் பார்த்தார், அவள் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் வாங்கப்பா" என்று ஆலைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்களும் முற்றத்து வாசலில் கூடிவிட்டார்கள்.

"விரலை விடும்மா" என்றார். "முதல்ல தட்டுல. ம். தேய். விலக்கு. இழை நிக்குதா?"

"நிக்குது அத்தான்."

"இப்ப உன் பாட்டில்ல விடு. தேய். நிக்குதா?"

"இல்ல அத்தான்."

"அப்ப எது நல்ல எண்ணெய்?"

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள். தலையைக் குனிந்து நின்றாள்.

"கேக்குறாரில்ல?" என்று ஜன்னலிலிருந்து புருஷன் சொன்னான். குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். "வாயில என்ன... பூட்டா?"

"இதுதான்" என்றாள் தட்டைக் காட்டி.

"காதுல விழலை."

"இதுதான் நல்ல எண்ணெய்."

"சந்தோஷம். இப்போ அந்தக் கழுவின தண்ணியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்து. உள்ள ஊத்தினதை வடி. தட்டுல இருக்கிறதைத் திருப்பி ஊத்து. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம், நிதானமாச் செய்." பிறகு ஆட்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கலப்படக்காரனை ஊர்பூரா துரத்தினேன். என் வீட்டுலயே ஒண்ணு வளருதுன்னு தெரியாமப்போச்சு."

அவள் எல்லாவற்றையும் செய்தாள். கை நடுங்கியதில் கொஞ்சம் சிந்தியது. "பாத்து, பாத்து" என்று எவனோ சொன்னான். அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அப்போதும் அவள் நினைப்பெல்லாம், இந்தக் கயிறு நாளைக்கு வருமா என்பதில்தான் இருந்தது. அப்படிப்பட்ட பைத்தியக்காரி அவள்.

அன்று சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது, "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"அண்ணன் சோறு போடுறாரு" என்றான் அவன்.

"நான் கழுவுற டின்னும் சேர்ந்துதாங்க போடுது."

அவன் கஞ்சி வேண்டாம் என்று கையால் காட்டினான்.

புயல் என்று சொல்ல முடியாது, ஆனால் புயலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு காற்று கொஞ்ச நாளில் வந்தது. விடிகிறபோதே சாரல். ஆலையின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. ஆட்கள் வந்து சேர்ந்து, எள் மூட்டையைப் பிரிக்கும்போது மின்சாரம் போயிற்று.

மூச்சு மெஷின் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. சின்னவள் சிலிண்டர் குழாயை அவன் மூக்கில் மாட்டி, திருகைத் திறந்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். கயிற்றைப் பிடித்துக் காலை ஊன்றி இழுத்தாள். வரவில்லை. மூட்டை தூக்குகிற ஆள் வந்து இழுத்தார். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். இன்ஜின்மேல் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு ஆட்கள் சேர்ந்து பிடித்தார்கள். அவள் சிலிண்டரின் முள்ளைப் பார்க்க ஓடுவதும் திரும்ப வருவதுமாக இருந்தாள்.

"இழுங்கடா! நல்ல எண்ணெய் கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஒருதரம் பிடிச்சா விடாது" என்றார் விரல்காரர்.

பிடித்துக்கொண்டது. தடதடவென்று கொட்டகையே ஆடியது. மூச்சு மெஷினுக்கு உயிர் வந்தது. சின்னவள் சிலிண்டரை மூடினாள். ஜன்னலுக்குள்ளிருந்து அவன் அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். விரல்காரர் ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் அதன் பிறகுதான் வந்தது. முதலில் மெலிதாக. பிறகு பன்றியைப் பிடித்துக் கட்டினாற்போல ஒரு அலறல். உள்ளே எதுவோ டமாரென்று அடித்து, ஜெனரேட்டர் நின்றது. கயிற்றை இழுத்தால் கல்லில் கட்டின மாதிரி ஓர் அங்குலம் அசையவில்லை.

ஆலை வண்டியில் அவனைத் தூக்கிப் போட்டார்கள். பெரிய சாலையில் மரம் விழுந்திருந்தது. சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் புண்ணாக்குச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, சிலிண்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மிச்சம்பிடித்து மிச்சம்பிடித்து அவனுக்கு மூச்சுக் கொடுத்தாள். அவன் உதடு நீலமாகி, நகம் நீலமாகி, கண் மேலே சொருகிக்கொண்டது. "இருங்க, இருங்க, வந்துட்டோம்" என்று வாய் ஓயாமல் பொய் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சிலிண்டரில் ஒன்றுமில்லை. அவன் பிழைத்தான். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று டாக்டர் விரல்காரரிடம் சொன்னார். விரல்காரர் தலையை ஆட்டினார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் மெக்கானிக் வீட்டுக்கு வந்து ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். துணி எடுத்துக்கொண்டுபோக அவள் வந்தபோது பேச்சு பாதியில் இருந்தது. முற்றத்தில் பழைய கூட்டமே நின்றது.

"இதுக்குள்ள ஒரு சின்னக் கரண்டி மாதிரி இருக்குங்க" என்று மெக்கானிக் ஒரு துண்டு இரும்பைக் காட்டினார். "இன்ஜின் சுத்தும்போது அது அடியிலேர்ந்து எண்ணெயை அள்ளி எல்லா இடத்துக்கும் தெளிக்கும். வேற பம்பு கிடையாது. மெல்லிசா இருந்தாத்தான் அள்ள முடியும். இது கட்டியா இருந்திருக்கு. கரண்டி அதுல ஒரு குழியைப் பறிச்சுக்கிட்டு வெறுமனே சுத்தியிருக்கு. அடியில எண்ணெய் அப்படியே இருக்கு, மேல ஒரு சொட்டு போகலை. பட்டினியில செத்திருக்குங்க, சாப்பாட்டு மேலயே உக்காந்துக்கிட்டு. யாரு ஊத்தினது இதை?"

ஆட்கள் விரல்காரரைப் பார்த்தார்கள். ஆண்டவா, ஒருத்தர் வாயால் உண்மை வந்துவிட்டது என்று சின்னவள் நினைத்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இனி எந்த எண்ணெய் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

விரல்காரர் குனிந்தார். வடித்து வைத்திருந்த எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். விலக்கிப் பார்த்தார்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்" என்றார். "இதுல கலந்திருக்கு."

"என்ன கலந்திருக்கு?"

"அன்னைக்கு இவ அந்தத் தண்ணியை உள்ள ஊத்தினாளே, மறந்துட்டீங்களா? வடிச்சோம். ஆனா மூலைமுடுக்குல ஒரு சொட்டு நின்னிருக்கும். ஒரு சொட்டு போதும்யா. ஒரு டின் நல்லெண்ணெயைக் கெடுக்க எத்தனை சொட்டு வேணும்? நல்ல எண்ணெய் தானாக் கெடாது. கலந்தாத்தான் கெடும். இது குழந்தைக்கும் தெரியும்."

கூட்டத்தில் பாதிப்பேர் எண்ணெய் வியாபாரிகள், மீதிப்பேர் எண்ணெய் ஆட்கள். ஒரு சொட்டுக் கலப்படம் என்றதும் எல்லோர் தலையும் தானாக ஆடியது. "ஆமா, அன்னைக்கு அவ புருஷனே கத்தினானே, கலக்குறான்னு" என்றாள் ஒருத்தி. "எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே."

"இதுல கலப்படத்துக்கு வேலையே இல்லைங்க..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க இரும்புல கெட்டிக்காரர். எண்ணெய் எனக்கு விடுங்க" என்றார் விரல்காரர்.

மெக்கானிக் சின்னவளைப் பார்த்தார். பிறகு சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு வேறு வீடுகள் இருந்தன.

சின்னவள் துணிப்பையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். அவன் தலையணையில் சாய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவள் சொன்னாள். கரண்டியைப் பற்றி, குழியைப் பற்றி, மெக்கானிக் சொன்னது ஒன்று விடாமல்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்க. உங்க உசுரு. நீங்க சொன்னா அத்தான் தட்டமாட்டார். மெல்லிசு எண்ணெயே ஊத்துங்கண்ணேன்னு சொல்லுங்க. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

அவன் பாலைக் குடித்து முடித்தான். டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"நீ அதைத் தொடாம... இருந்திருந்தா... எனக்கு இது வந்திருக்காது" என்றான்.

சாக்குமூட்டையின் மேல் அவனைச் சாய்த்துப் பிடித்திருந்தபோது அவன் பல் பதிந்து அவள் முன்கையில் காயம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் கழுவினாள். அழலாம் என்றுதான் குழாயடிக்குப் போனாள். வரவில்லை.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் புது ஜெனரேட்டர் வந்தது. வேறு கடை, வேறு ஆள். கூட வந்த பாட்டிலை விரல்காரர் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறையிலிருந்து புது டின் வந்திருந்தது. வானம் மூட்டம் போட்டிருந்தது. ராத்திரி காற்று வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"சின்னவளைக் கூப்பிடு" என்றார் விரல்காரர் மனைவியிடம்.

டின் கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்தபடி அவள் வந்தாள். ஆட்கள் நின்றார்கள். அக்கம்பக்கம் நின்றது. ஜன்னலில் அவன் தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் விரல்காரர். குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது. "வீட்டுப் பொண்ணை எத்தனை நாளைக்கு ஒதுக்கி வைக்கிறது? இந்தத் தடவை உன் கையாலயே ஊத்தும்மா. உன் மனசுல ஒண்ணுமில்லைன்னு நாலு பேர் பாக்கட்டும்."

டின்னை அவள் முன்னால் வைத்தார். ஓரகத்தி அவள் காதருகே வந்து, "ஊத்திடு. இதோட போகட்டும்" என்றாள்.

சின்னவள் டின்னைப் பார்த்தாள். தட்டிவிட்டால் சிந்தும். சிந்தினால் இன்னொரு டின் வரும். மாட்டேன் என்றால் பழியோடு பழியாக அதுவும் சேரும், விரல்காரர் கையால் அதே எண்ணெய் உள்ளே போகும். ஜன்னலைப் பார்த்தாள். ஒரு தரம், இந்த ஒரே ஒரு தரம், அவன் வேண்டாம் என்று சொல்லட்டும், ஒரு தலையசைப்பாவது காட்டட்டும் என்று பார்த்தாள். அவன் சொன்னால் ஊரையே எதிர்த்து நிற்பாள். அந்தக் கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டு, என்மேல் ஏறிப் போங்கள் என்று சொல்லுவாள்.

"ஊத்தேன்" என்றான் அவன். "அண்ணன்... எவ்வளவு நேரம் நிப்பாரு?"

அப்போது அவளுக்குள் ஒன்று விட்டுப்போனது. கோபம்கூட இல்லை. கோபப்பட ஒரு சொந்தம் வேண்டும். பாரம் இறக்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

புனலை வைத்தாள். டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் பொன்னிறமாகக் கனத்து, அறுபடாமல் இறங்கியது. இந்த முறை அவள் கை நடுங்கவில்லை. வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஊற்றின கை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அளவு வரைக்கும் வந்ததும் நிறுத்தி, முதலில் அண்ணனைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான் அவன்.

ஊற்றினாள்.